வயதான, உடம்புக்கு முடியாத லெபர்ட் கெக்கோவைப் பார்த்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க் பக்கத்துத் தமிழ் வீடுகளில் லெபர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லியை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பல வீடுகளில் கதை ஒன்றுதான். பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது அடம்பிடித்து வாங்கியது; இப்போது பிள்ளை கேப்டவுனிலோ வெளிநாட்டிலோ இருக்கிறது, பல்லியும் தொட்டியும் அம்மா அப்பா பொறுப்பில். வாங்கும்போது இது இத்தனை வருஷம் இருக்கும் என்று கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் கால்நடை டாக்டர் இல்லை. நெடுநாளாக இவற்றை வளர்ப்பதிலும், மற்றவர்களுடைய கிழட்டுப் பல்லிகளுக்கு உதவுவதிலும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கெக்கோவுக்கு 12 வயது ஆகிறது. இது கிழமா?

கிழம் என்று சொல்ல முடியாது, ஆனால் வயசு ஏற ஆரம்பித்துவிட்டது. நல்ல கவனிப்பில் லெபர்ட் கெக்கோ 15 வருஷம் வாழ்வது சாதாரணம். 20 தாண்டியவையும் உண்டு. ஆண் பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாக வாழும். நிறைய முட்டை போட்ட பெண் சீக்கிரம் தளரும். 10 வயதைத் தாண்டினாலே பராமரிப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வது நல்லது.

வயசுக்கும் நோய்க்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

வயசு மெதுவாக வரும், நோய் சட்டென்று வரும். மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நடை குறைவது, இரையைத் துரத்தாமல் பக்கத்தில் வந்தால் மட்டும் பிடிப்பது, அதிக நேரம் தூங்குவது, நிறம் மங்குவது, இதெல்லாம் வயசு. போன வாரம் நன்றாக இருந்தது இந்த வாரம் கண்ணைத் திறக்கவில்லை, ஒரு காலை இழுக்கிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது, தாடை வீங்கியிருக்கிறது என்றால் அது வயசில்லை.

"வயசாயிடுச்சு, இனி அவ்வளவுதான்" என்று நாம் ஒதுக்கிவிடுகிற தொல்லைகளில் பலவற்றுக்குப் பின்னால் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறது. சூடு போதவில்லை, கண்ணில் தோல் ஒட்டியிருக்கிறது, வாயில் புண், கால்சியம் குறைவு, மூட்டில் வலி. இந்தப் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருக்க வேண்டிய ஒரே கருவி, கிராம் காட்டும் டிஜிட்டல் சமையல் தராசு. ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து பூஜ்யமாக்கி, பல்லியை அதில் விட்டு, வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் எடை பாருங்கள். நோட்டில் எழுதுங்கள். வளர்ந்த பல்லி பெரும்பாலும் 45 முதல் 80 கிராம் இருக்கும். எண்ணைவிட அது போகிற திசை முக்கியம். 60 கிராம் இருந்தது ஒரு மாதத்தில் 54 ஆகிவிட்டால், பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். அப்போதே டாக்டரிடம் போக வேண்டும். கண்ணால் பார்த்து மெலிவு தெரியும் நிலைக்கு வந்தபின் போனால் நேரம் ரொம்பக் கடந்திருக்கும்.

சாப்பிட மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

முதலில் தொட்டியின் சூட்டைப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

பல்லியின் உடம்பு சொந்தமாகச் சூடு உண்டாக்காது. வயிற்றில் இருப்பது செரிக்க வெளியிலிருந்து சூடு வேண்டும். வெப்பமான பக்கத்தில் தரை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 டிகிரி இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்டமான மீட்டரை நம்பாதீர்கள், அது காற்றின் சூட்டைத்தான் காட்டும். பல்லி வயிறு படும் இடத்தில் கம்பி முனையுள்ள தெர்மாமீட்டரை வையுங்கள். ஹீட் மேட், அதாவது தொட்டிக்கு அடியில் சூடு தரும் மின்சார விரிப்பு, பழசாகிச் செத்துப்போயிருந்தாலும் வெளியே தெரியாது. பத்து வயதுப் பல்லியின் ஹீட் மேட்டுக்கும் பத்து வயதாகியிருக்கும். பசியில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்குப் புது ஹீட் மேட்டும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் போட்ட பிறகு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

சூடு சரியாக இருந்தால் காலத்தைப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம், பல பல்லிகளுக்குப் பசி குறையும். வசந்த காலத்தில் ஆண் பல்லிகள் பெண் நினைப்பில் சாப்பிடாமல் அலையும். எடை குறையாமலும் வால் தடிமனாகவும் இருந்தால் இரண்டு வாரம் சாப்பிடாவிட்டாலும் பயமில்லை, வாலில் கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது.

அதுவும் இல்லையென்றால் வாயையும் கண்ணையும் பாருங்கள். உதட்டோரம் மஞ்சளாகப் பிசுபிசுப்பு, ஈறு சிவப்பு, தாடை ஒரு பக்கம் கோணல் என்றால் வாய்ப்புண். இரையைக் குறிவைத்து முன்னால் பாய்ந்து தவறவிடுகிறது என்றால் பசி இருக்கிறது, பார்வை இல்லை. அதற்கு இடுக்கியால் ஊட்டுங்கள். இரையை மூக்குக்கு முன்னால் ஒரு விரல் தூரத்தில் மெதுவாக ஆட்டுங்கள், முகத்தில் இடிக்காதீர்கள். உலோக இடுக்கியைக் கடித்தால் வாய் காயப்படும், ரப்பர் நுனியோ மூங்கிலோ நல்லது.

சாப்பிடவே இல்லையென்றால் வாயைப் பிளந்து திணிப்பது கடைசிக்கும் கடைசி. தாடை எலும்பு மெலிந்திருந்தால் உடைந்துவிடும். மாமிசம் தின்னும் விலங்குகளுக்கான மீட்பு உணவுத் தூள் கால்நடை டாக்டர்களிடம் கிடைக்கும். அதைத் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சில் எடுத்து, உதட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். நாக்கு வெளியே வந்து நக்கும். நக்கி முடித்து விழுங்கியபின் அடுத்த சொட்டு. அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இதில் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் உடம்பு சூடாக வேண்டும், அடுத்து தண்ணீர் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் சாப்பாடு. குளிர்ந்து, வறண்டு கிடக்கும் உடம்பில் சாப்பாடு போனால் செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும்.

என்ன இரை கொடுக்கலாம்? கடையில் கிடைக்கும் காய்ந்த மொபானி புழு சரிவருமா?

மொபானி புழு வேண்டாம். மனிதர்கள் சாப்பிட வேகவைத்து உப்புப் போட்டுக் காயவைத்தது, ஈரமே இல்லை. வயதான பல்லிக்குத் தண்ணீர்ச் சத்துள்ள மெத்தென்ற இரைதான் வேண்டும்.

பட்டுப்புழுவைப் போல ஒன்று கிடையாது. இந்த நாட்டில் வசந்த காலம் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்புப் பெட்டியில் முசுக்கொட்டை இலை போட்டு பட்டுப்புழு வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். தோல் மெல்லியது, மெதுவாக நகரும், பார்வை மங்கிய பல்லிக்கும் பிடிக்க எளிது. இலை பறித்த மரத்துக்கு மருந்து அடித்திருக்கக் கூடாது, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி டூபியா கரப்பான், சின்ன கிரிக்கெட் பூச்சி இரண்டும் நல்லவை. இரை பல்லியின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைத் தாண்ட வேண்டாம். மீல்வோர்ம் புழுவின் ஓடு கடினம். கொடுத்தால் அப்போதுதான் தோல் உரித்து வெள்ளையாக இருக்கும் புழுவாகப் பொறுக்கிக் கொடுங்கள். இரைக்கு முதல் நாளே காரட், கீரை தின்னக் கொடுத்தால் அந்தச் சத்தும் பல்லிக்குப் போகும். தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம். மின்மினிப்பூச்சி விஷம், ஒன்றே உயிரைப் பறிக்கும். தின்னாமல் விட்ட கிரிக்கெட் பூச்சியை இரவில் தொட்டியில் விடாதீர்கள். தளர்ந்த பல்லியின் விரலையும் இமையையும் அது கடித்துத் தின்னும்.

குளிர்காலத்தில் கரண்ட் போனால் எப்படிச் சமாளிப்பது?

2007-08-ல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, ஆரம்பித்ததிலிருந்து இந்த நாட்டில் பல்லி வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி இது. 2023-ல் ஒரு நாளைக்குப் பல முறை இருட்டானபோது என் தொலைபேசி ஓயவே இல்லை. இப்போது நிலைமை மேல் என்றாலும் கேபிள் திருட்டு, புயல், பழுது என்று ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆரோக்கியமான பல்லிக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் சூடு இல்லாமல் போனால் ஒன்றும் ஆகாது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறைப் பிரதேசத்தில் பிறந்த இனம், இரவுக் குளிர் அதற்குப் பழக்கம். நோயாளிப் பல்லிக்கு அந்தத் தெம்பு கிடையாது. தொட்டி 20 டிகிரிக்குக் கீழே போகாமல் பாருங்கள். டர்பனில் ஜூலை இரவிலும் வீட்டுக்குள் ஓரளவு தாங்கும். ஜோகன்னஸ்பர்க், லெனேசியா பக்கம் வெளியே பூஜ்யத்தை நெருங்கும், நம் வீடுகளில் சுவருக்குள் சூடாக்கும் வசதியும் கிடையாது.

கரண்ட் போனதும் தொட்டியைக் கனமான போர்வையால் மூடுங்கள், காற்றுக்கு ஒரு ஓரம் விட்டு. சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, தொட்டிக்கு வெளியே கண்ணாடியை ஒட்டி வையுங்கள். நீண்ட நேரம் என்றால் மீன்பெட்டி மாதிரியான தெர்மோகோல் பெட்டியில் துண்டு விரித்து, பல்லியைச் சின்ன டப்பாவோடு உள்ளே வைத்து, ஓரத்தில் பாட்டில். சின்ன ஹீட் மேட் 8 முதல் 15 வாட்தான் எடுக்கும். வைஃபைக்கு வாங்கிய சின்ன இன்வெர்ட்டரே அதைப் பல மணி நேரம் ஓட்டும். கேஸ் ஹீட்டர், பாரஃபின் ஹீட்டர் புகை இருக்கும் அறையில் பல்லியை வைக்காதீர்கள்.

ஒரு விஷயம் உறுதியாகச் சொல்கிறேன்: அன்று இரவு நீண்ட நேரம் கரண்ட் இருக்காது என்று தெரிந்தால் அன்று சாப்பாடு கொடுக்காதீர்கள்.

தோல் உரியாமல் ஒட்டிக்கொள்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

பிய்க்கவே கூடாது. நல்ல பல்லி நான்கு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முழுத்தோலையும் உரித்து அதைத் தானே தின்றுவிடும். வயதானதுக்கு உரசித் தள்ளத் தெம்பு இல்லை, உடம்பில் தண்ணீரும் குறைவு. அதனால் விரல் நுனி, வால் நுனி, கண் இமை மூன்று இடத்தில் தோல் தங்கும். விரலில் தங்கிய தோல் காயக் காய இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தும், கடைசியில் விரல் கருத்து விழுந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. மூடி உள்ள டப்பாவில் கிச்சன் டவல் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். மூடியில் துளை இருக்க வேண்டும். பல்லியைப் பத்து, பதினைந்து நிமிடம் அதில் விடுங்கள், பக்கத்திலேயே இருங்கள். அப்புறம் உள்ளங்கையில் எடுத்து, நனைத்த இயர்பட்டால் விரலின் அடியிலிருந்து நுனியை நோக்கி உருட்டுங்கள். வெள்ளையாக ஒரு சின்ன உறை கையுறையின் விரல் போலக் கழன்று வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், நாளைக்கு மறுபடியும். ரத்தம் வந்தால், விரல் வீங்கியிருந்தால் டாக்டர்.

தடுப்பதற்கு ஈரக் குகை: ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் நுழைவாயில் வெட்டி, உள்ளே ஈரமான கிச்சன் டவலோ பாசியோ போட்டு, தொட்டியின் நடுப்பகுதியில் வையுங்கள். இதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. ஜோகன்னஸ்பர்க் குளிர்காலக் காற்று எலும்பை உறிஞ்சும் வறட்சி. ஈரக் குகையைத் தினமும் நனைக்க வேண்டும். டர்பனில் பிப்ரவரியில் காற்றே ஈரத்துணி. அங்கே தொட்டிக்குள் தண்ணீர் தெளிப்பது கெடுதல், மூச்சுத் தொல்லையும் பூஞ்சையும் வரும். ஈரம் குகைக்குள் மட்டும் இருக்கட்டும், மற்ற இடம் காய்ந்திருக்கட்டும்.

ஒரு கண் மூடியே இருக்கிறது.

லெபர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு, சுவர்ப் பல்லிக்குக் கிடையாது. அந்த இமைக்குள் பழைய தோல் சிக்கிக்கொள்வது வயதானவற்றில் அடிக்கடி நடக்கும். நாளாக ஆக சீழ் கட்டியாகி, கண்ணே போய்விடும். வைட்டமின் ஏ குறைவும் காரணமாக இருக்கலாம். மருந்துக்கடையில் விற்கும் சுத்தமான உப்புத் தண்ணீரால், அதாவது சலைனால், கண்ணை நனைக்கலாம். அதற்கு மேல் எதையும் தோண்டாதீர்கள். இரண்டு நாளில் திறக்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். மனிதர்களுக்கான கண் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம், அதைப் போட வேண்டாம். வைட்டமின் ஏ மாத்திரையை நாமே கொடுப்பதும் வேண்டாம், அளவு மீறினால் அதுவும் விஷம்.

ஒரு கண் போன பல்லி வருஷக்கணக்கில் நன்றாக வாழும். இரண்டு கண்ணும் போனால்கூட இடுக்கியால் ஊட்டினால் வாழும். இதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

கால் வளைந்து, வயிற்றைத் தூக்க முடியாமல் இழுத்து நடக்கிறது. கீல்வாதமா?

கீல்வாதமாகவும் இருக்கலாம், எலும்புச் சத்துக் குறைவாகவும் இருக்கலாம், சிறுநீரகம் தளர்ந்து மூட்டில் உப்புப் படியும் கௌட் நோயாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துத்தான் சொல்ல முடியும். வருஷக்கணக்கில் கால்சியம் தூள் தூவாமல் இரை கொடுத்திருந்தால் எலும்பு ரப்பர் மாதிரி ஆகியிருக்கும். தாடை மெத்தென்றிருப்பதும் விரல் நடுங்குவதும் அதன் அடையாளம். இப்போது தூள் தூவ ஆரம்பிப்பது நல்லதுதான், ஆனால் வளைந்த எலும்பு நிமிராது. மேற்கொண்டு கெடாமல் தடுக்கலாம், வலியைக் குறைக்கலாம். வைட்டமின் டி3 கலந்த தூளை ஒவ்வொரு வேளையும் போடாதீர்கள். எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பிடுகிறது, ஆனாலும் வால் மெலிந்துகொண்டே போகிறது.

இதுதான் எனக்குக் கவலை தரும் கேள்வி. புழுத் தொல்லையாக இருந்தால் மருந்தில் சரியாகும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாக இருந்தால் நிச்சயமான மருந்து இல்லை. குடலைத் தாக்கி, தின்றது உடம்பில் ஒட்டாமல் செய்யும், வால் குச்சியாகிவிடும். மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், ஒருமுறை இல்லை என்று வந்தாலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கிருமி எல்லா நாளும் மலத்தில் வராது. வீட்டில் வேறு பல்லி இருந்தால் உடனே தனி அறை, தனி இடுக்கி, தனித் தண்ணீர்த் தட்டு. மற்றவற்றைக் கவனித்து முடித்தபின் நோயாளியைக் கடைசியாகக் கவனியுங்கள். சாதாரண பிளீச்சுக்கு இது சாகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆணே இல்லாமல் எங்கள் பெண் பல்லிக்கு வயிறு உப்பியிருக்கிறது.

துணை இல்லாமலும் முட்டை உருவாகும். தோண்டிக்கொண்டே இருந்து, முட்டை போடாமல், சாப்பாட்டையும் நிறுத்திவிட்டால் முட்டை தடைபட்டிருக்கலாம். அன்றே டாக்டர். ஆணாக இருந்து வால் அடியில் வழக்கமான புடைப்பைவிட அதிக வீக்கம் தெரிந்தாலும் அதே பதில்.

தொட்டியை எப்படி மாற்றி அமைப்பது?

உயரத்தை எடுத்துவிடுங்கள். ஏறும் பாறை, மேல்தட்டு எல்லாம் வெளியே. மணலை எடுத்துவிட்டு கிச்சன் டவல் விரியுங்கள். நடக்க வழுக்காது, மலம் எப்படி இருக்கிறது என்பதும் தெரியும். சூடான பக்கம் ஒரு குகை, குளிர்ந்த பக்கம் ஒன்று, நடுவில் ஈரக் குகை, வாசல் அகலமாகவும் தாழ்வாகவும். தண்ணீர்த் தட்டு தரையோடு தரையாக இருக்கட்டும். ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம்: தளர்ந்த பல்லி சூடு தாங்காவிட்டாலும் நகராமல் கிடந்து வயிறு வெந்துபோகும். பார்வை போனதற்கு ஒருமுறை வைத்த இடத்தை மாற்றாதீர்கள், அது நினைவால் நடக்கிறது.

ஜன்னலோரம் வேண்டாம். வெயில் பட்டால் கண்ணாடித் தொட்டி அடுப்பாகிவிடும். தவிர, சாட்ஸ்வர்த், வெஸ்ட்வில் பக்கம் குரங்குகள் ஜன்னல் வழியாக வருவது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தொட்டி சாமி அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாம்பிராணி புகையால் ஏதாவது ஆகுமா?

ஆகும். தினம் ஒரு ஊதுபத்தி என்றால்கூட மூடிய அறையில் நல்லதில்லை. சாம்பிராணி, கற்பூரம், கொசுவத்தி, பூச்சி மருந்து ஸ்ப்ரே எல்லாமே அந்தச் சின்ன நுரையீரலுக்கு அதிகம். வீட்டில் கரப்பானுக்கு மருந்து அடிக்கும் நாளில் பல்லியை வேறு வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். காவடி, ஆடிக் கூழ் என்று வீடு நிறைய ஆளும் புகையும் இருக்கும் நாட்களில் தொட்டியைப் பின்னறைக்கு மாற்றிக் கதவைச் சாத்துங்கள். சாமியைக் குறைக்கச் சொல்லவில்லை, தொட்டியைத் தள்ளி வைக்கத்தான் சொல்கிறேன்.

காயத்துக்கு மஞ்சள் வைக்கலாமா? வலிக்கு நம் மாத்திரையில் ஒரு துளி கொடுக்கலாமா?

இரண்டும் வேண்டாம். மஞ்சள் பொடி ஈரத்தோடு சேர்ந்து காயத்தின் மேல் கட்டியாகிவிடும், கண்ணுக்குள்ளும் போகும். வேப்பெண்ணெய் பூசுவதும் அப்படித்தான். சின்னக் காயத்துக்கு, போவிடோன் அயோடினை லேசான தேநீர் நிறம் வரும்வரை தண்ணீரில் கலந்து துடைக்கலாம். வலிக்குப் பல்லிக்கென்றே டாக்டர் அளந்து கொடுக்கும் மருந்து இருக்கிறது. 60 கிராம் உடம்புக்கு நாம் மாத்திரையை உடைத்து அளவு போட முடியாது.

எந்த டாக்டரிடம் போவது?

நாய், பூனை மட்டும் பார்ப்பவருக்கு இதில் பழக்கம் இருக்காது. போன் செய்து "ஊர்வன பார்ப்பீர்களா, மாதம் எத்தனை வருகிறது?" என்று நேராகக் கேளுங்கள். டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் மூன்றிலும் ஊர்வன பார்க்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஓண்டர்ஸ்டபூர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரி 1920-லிருந்து இந்த நாட்டுக் கால்நடை டாக்டர்களை உருவாக்கி வருகிற இடம். உங்கள் டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் அங்கே கேட்கச் சொல்லலாம்.

பல்லி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை போய்வாருங்கள். போகும்போது எடை எழுதிய நோட்டு, புதிதாகப் போட்ட மலம் ஒரு டப்பாவில், தொட்டியின் போட்டோ, நீங்கள் போடும் தூளின் டப்பா எல்லாம் எடுத்துப் போங்கள். காரில் துண்டில் சுற்றிய சுடுதண்ணீர் பாட்டில். "இதற்குப் போய் இவ்வளவு செலவா" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். நம்மை நம்பி ஒரு பெட்டிக்குள் பத்து வருஷம் இருந்த உயிர் அது. அந்தச் செலவு நம் கடமை என்றுதான் நான் நினைக்கிறேன். செலவு பயமாக இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை அவசியம், எது பிறகு பார்க்கலாம் என்று அவரே பிரித்துச் சொல்வார்.

ஆயா தொட்டிப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். பல்லி விஷமாம், மேலே விழுந்தால் ஆகாதாம்.

பெரியவர்களோடு வாதாட வேண்டாம். இந்தப் பல்லிக்கும் விஷம் இல்லை, டர்பன் வீட்டுச் சுவரில் ஓடுவதற்கும் இல்லை. இது சுவரில் ஏறவும் ஏறாது, விரலில் ஒட்டும் தட்டு கிடையாது, அதனால் யார் தலையிலும் விழ வழியில்லை. கௌளி சாஸ்திரம் பார்ப்பவருக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் நினைவுபடுத்துங்கள். தொட்டு வணங்குகிற உயிர் என்று சொன்னதும் முகம் மாறிய ஆயாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

துணைக்கு என்று சுவர்ப் பல்லியைப் பிடித்துத் தொட்டியில் விடாதீர்கள், நோய் வரும். இந்த நாட்டுக் காட்டுப் பல்லிகளைப் பிடித்து வளர்க்க மாகாண அனுமதியும் வேண்டும்.

பேரப்பிள்ளை தொட்டுப் பார்க்கலாமா?

ஊர்வன நல்ல ஆரோக்கியத்தில் இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தொடாமல் பார்த்தால் போதும். மற்றவர்கள் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். எடை பார்க்கும் தராசும் இனி பல்லிக்கு மட்டும்தான்.

எப்போது விடைகொடுப்பது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் குற்ற உணர்ச்சியோடு கேட்கிறார்கள். கேட்பதே அக்கறையால்தான். நான் மூன்றைப் பார்ப்பேன்: தானாக நகர்ந்து சூட்டைத் தேடிப் போகிறதா, நாக்கு நீட்டுகிறதா, ஊட்டினால் விழுங்குகிறதா. சூட்டைத் தேடிப் போகும் பல்லிக்கு இன்னும் வாழ ஆசை இருக்கிறது. மூன்றும் நின்று, மருந்தும் கேட்காமல், எடை இறங்கிக்கொண்டே போனால் டாக்டரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது.

டாக்டர் முதலில் மயக்க மருந்து கொடுப்பார், நினைவு போனபின் ஊசி. ஊர்வனவற்றின் இதயம் நினைவு போன பிறகும் நெடுநேரம் துடிக்கும், அதனால் முழுதாக நின்றதை உறுதி செய்யச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் தூங்குவது போலப் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையில்லை. மெதுவாக உறைவது வேதனை, அதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லுங்கள். முடிந்த பிறகு சொன்னால் அந்த வருத்தம் தீராது. வீடியோவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

அதன் பிறகு? தொட்டியை வேறு பல்லிக்குப் பயன்படுத்தலாமா?

தோட்டத்தில் புதைப்பதென்றால் நாயும் கீரியும் தோண்டாத ஆழத்தில், மேலே கல் வைத்து. தோட்டம் இல்லாத ஃப்ளாட் வாசிகளுக்குத் தகனத்துக்கு டாக்டரே ஏற்பாடு செய்வார்.

காரணம் தெரியாமல் இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை கேளுங்கள், குறிப்பாக வீட்டில் இன்னொன்று இருந்தால். வயசாலோ சிறுநீரகத்தாலோ போனது என்று தெரிந்தால் தொட்டியைச் சோப்பால் கழுவி, கிருமிநாசினி போட்டு, அலசி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். மரச் சாமான்களைத் தூக்கிப் போடுங்கள். கிரிப்டோ என்று தெரிந்தால் தொட்டியையும் சேர்த்துத்தான். யாருக்கும் தானமாகவும் கொடுக்காதீர்கள்.